கடைசியில் வருகிறவருக்கே முதல் வாய்ப்பு!

டோக்கியோவில் ரயில் ஏறி, கையில் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் கியோட்டோ வந்துவிடும். புல்லட் ரயிலில் இரண்டே கால் மணி நேரம்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஃபியூஜி மலை தெரியும். ஆனால், பையிலிருந்து செல்போனை எடுப்பதற்குள் மலை பின்னால் போய்விடும்.

இந்த இரண்டு ஊர்களையும் ஒரு காலத்தில் இணைத்த சாலையின் பெயர் டோகாய்டோ. 'கிழக்குக் கடலோரச் சாலை' என்று அர்த்தம். டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். 1601-ல் டொகுகாவா இயேயாசு இந்தச் சாலையில் அஞ்சல் குதிரைகள் மாறும் ஊர்களை ஏற்படுத்தினார். போகப்போக எடோவின் நிஹோன்பாஷி பாலத்துக்கும் கியோட்டோவின் சான்ஜோ பாலத்துக்கும் நடுவில் இப்படி 53 தங்கல் ஊர்கள் அமைந்தன. மொத்தம் சுமார் 490 கிலோமீட்டர். நடந்தால் ஏறக்குறைய இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரப் பயணத்தை, சாப்பாட்டு மேஜையில் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதற்கென்றே ஒரு போர்டு கேம் இருக்கிறது. அதன் பெயரும் 'டோகாய்டோ'தான். பிரான்சைச் சேர்ந்த ஆந்துவான் பௌசா உருவாக்கியது, 2012-ல் வெளிவந்தது. எட்டு வயதுப் பிள்ளை முதல் தாத்தா பாட்டி வரை இரண்டு பேரிலிருந்து ஐந்து பேர் வரை ஆடலாம். தாயக்கட்டை கிடையாது. அடித்து வெட்டுவது கிடையாது. யார் முதலில் ஊர் போய்ச் சேர்கிறார்கள் என்பதற்குப் பரிசும் கிடையாது. யாருடைய பயணம் நிறைவாக இருந்ததோ, அவரே ஜெயித்தவர்!

சனிக்கிழமை ராத்திரி எடோ பயணம்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை டிபன் முடிந்ததும் இந்தப் பெட்டி மேஜைக்கு வந்துவிடும். நான், கணவர், பத்தாம் வகுப்பு முடித்த மகன், என் அம்மா - நான்கு பேர். அம்மாவுக்கு 74 வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதால், மாடிப்படி என்றாலே ஒரு பெருமூச்சு விடுவார்.

பலகையின் ஓர் ஓரத்தில் கியோட்டோ, மறு ஓரத்தில் எடோ. நடுவில் கடை, வயல், கோயில், வெந்நீர் ஊற்று, கடல் காட்சி என்று வரிசையாக நிறுத்தங்கள். ஆட்டத்தின் உயிரே ஒரே ஒரு விதிதான்: சாலையில் யார் எல்லோருக்கும் பின்னால் இருக்கிறாரோ, அவர்தான் அடுத்து நகர வேண்டும். எத்தனை கட்டம் வேண்டுமானாலும் தாவலாம். ஆனால் தூரமாகத் தாவினால், பின்னால் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் உங்களைக் கடக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரே ஓர் அடி வைத்து, அப்போதும் நீங்களே கடைசி என்றால், மறுபடியும் உங்கள் ஆட்டம்!

வயலில் வேலை செய்தால் மூன்று காசு கிடைக்கும். வெந்நீர் ஊற்றில் குளித்தால் இரண்டோ மூன்றோ புள்ளி. கோயிலில் காணிக்கை போடலாம். கடையில் நினைவுப்பொருள் வாங்கலாம். வயல், மலை, கடல் காட்சிகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து முழுப் படமாக்கலாம். கடல் படத்துக்கு ஐந்து துண்டு. முதல் துண்டுக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு என்று ஏறி, முழுப் படம் சேர்ந்தால் 15 புள்ளி.

ஒவ்வொருவருக்கும் ஒரு பயணி வேடம். யோஷியாசு என்ற அதிகாரி ஒன்பது காசோடு கிளம்புகிறார். சத்சுகி என்ற அநாதைப் பெண்ணிடம் இரண்டே காசு. ஆனால் ஒவ்வொரு சத்திரத்திலும் அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு இலவசம். மித்சுகுனி என்ற முதியவருக்கு வெந்நீர் ஊற்றில் கூடுதலாக ஒரு புள்ளி. அம்மா கையில் மித்சுகுனி வந்தால் விடவே மாட்டார். "இந்தக் கிழவனுக்கும் எனக்கும் ஒரே வியாதி" என்பார்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு இரண்டு யோசனை. ஆரம்பத்தில் காசு சேர்ப்பதிலேயே குறியாக இருக்காதீர்கள். மிஞ்சிய காசுக்குக் கடைசியில் புள்ளி கிடையாது. அதேசமயம் சத்திரத்துக்குப் போகும்போது மடியில் மூன்று காசாவது இருக்கட்டும். ஒவ்வொரு சாப்பாடும் ஆறு புள்ளி, விலை ஒன்று முதல் மூன்று காசு வரை. முதலில் வந்தவர் மலிவானதை எடுத்துக்கொண்டால், உங்களுக்கு விலை அதிகமானதுதான் மிஞ்சும்.

என் மகன் ஆரம்பத்தில் கடல் காட்சியைப் பிடிக்க நான்கு கட்டம் தாவுவான். அம்மா ஒவ்வொரு கட்டமாக நின்று நின்று வருவார். "எதுக்குலே இப்படி விழுந்தடிச்சி ஓடுத? அங்க என்ன இலையா போட்டிருக்கு?" என்பார். பத்து ஆட்டத்தில் ஆறு ஆட்டம் ஆச்சிக்குத்தான் வெற்றி.

ஹகோனே மலையின் கல் பாதை

போன ஏப்ரலில் ஜப்பான் போனோம். சித்தப்பா மகன் யோகோஹாமாவில் வேலையில் இருக்கிறான். அம்மாவையும் கூப்பிட்டோம். "நான் வந்தா உங்க எல்லாரையும் புடிச்சி இழுத்த மாதிரி இருக்கும். அந்த ரோட்டுல என்னென்ன இருக்குன்னு ராத்திரி போன்ல சொல்லு, போதும்" என்று பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹகோனே-யுமோட்டோ ரயில் நிலையத்திலிருந்து பழைய சாலை வழியாகப் பஸ் போகிறது. நடுவழியில் அமாசகே-சாயா என்ற டீக்கடையில் இறங்கிக்கொண்டோம். கூரை வேய்ந்த கடை. உள்ளே புகை மணம். அரிசியை நொதிக்கவைத்துச் செய்யும் அமாசகே என்ற பானத்தைச் சுடச்சுடத் தருகிறார்கள். சர்க்கரை சேர்ப்பதில்லை, அரிசியின் இனிப்புதான். குழைய வடித்த கஞ்சியில் கொஞ்சம் வெல்லம் போட்ட மாதிரி இருக்கும். மலை ஏறி வந்தவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இதைக் கொடுத்து வந்திருக்கிறது அந்தக் குடும்பம்.

அங்கிருந்து மோட்டோ-ஹகோனே வரை முக்கால் மணி நேரம் காட்டுக்குள் நடை. இந்த மலைப்பாதை மழையில் சேறாகிவிடும் என்பதால் ஆரம்பத்தில் மூங்கிலைப் பரப்பினார்கள். 1680-ல் கல் பாவினார்கள். அந்தக் கற்கள் இன்றும் கிடக்கின்றன, பாசி பிடித்து, மேடும் பள்ளமுமாக. நல்ல ஷூ போட்டிருந்தும் இரண்டு இடத்தில் என் கால் வழுக்கியது. வைக்கோல் செருப்புப் போட்டு நடந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அம்மாவின் முழங்காலையும்தான்.

ஏரிக்கரையில் வானுயர்ந்த செடார் மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும் சாலை. அது முடிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஹகோனே சோதனைச் சாவடி. 1619-ல் ஏற்பட்டு, 1869 வரை இயங்கியது. இப்போது இருப்பது பழைய ஆவணங்களைப் பார்த்து அப்படியே மறுபடி கட்டி, 2007-ல் முடித்த கட்டடங்கள். அறைகளுக்குள் சாம்பல் நிறத்தில் மனித உருவங்களை உட்காரவைத்திருக்கிறார்கள்.

எடோவுக்குள் துப்பாக்கி வரக் கூடாது. எடோவிலிருந்து பெண்கள் வெளியே போகக் கூடாது - இந்தச் சாலையின் சாவடிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவை இவை இரண்டும்தான். காரணம் அரசியல். 1635 முதல் சிற்றரசர்கள் ஒரு வருடம் எடோவிலும் மறு வருடம் தங்கள் ஊரிலும் இருக்க வேண்டும் என்று சட்டம். அவர்களுடைய மனைவியும் வாரிசும் எடோவிலேயே இருக்க வேண்டும். சொல்லப்போனால் பணயக்கைதிகள். அந்தப் பெண்கள் மாறுவேடத்தில் தப்பிவிட்டால் கலகம் வரும் என்று பயம்.

அதனால் சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு பெண்ணும் தனி அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். அதில் எழுதியிருக்கிற அங்க அடையாளம் ஒத்துப்போகிறதா என்று சோதிப்பதற்கென்றே பெண் ஊழியர்கள் இருந்தார்கள். கூந்தலை அவிழ்த்துப் பார்ப்பார்கள். சாவடிக்குத் தெரியாமல் மலைக்காட்டுக்குள் சுற்றிப் போய் மாட்டிக்கொண்டால் மரண தண்டனை. இத்தனைக்கு நடுவிலும் கோயில் யாத்திரைக்கென்று சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிய பெண்கள் இருந்தார்கள் என்பதுதான் ஆச்சர்யம்.

அன்று இரவு போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "கேம்ல இந்தச் சாவடி இல்லையேட்டி?" என்றார். உண்மைதான். ஆட்டத்துச் சாலையில் யாரும் யாரையும் தடுப்பதில்லை.

பாலம் இல்லாத ஆறு

ஷிமாடா என்ற ஊரில் இறங்கியதற்குக் காரணம் ஓயி ஆறு. டோகாய்டோவில் பயணிகள் அதிகம் பயந்த இடம். அகலமான ஆறு. பாலம் கட்ட அனுமதி இல்லை, பரிசல் விடவும் அனுமதி இல்லை. எடோவைப் பாதுகாக்க என்று சொல்வார்கள். பயணிகள் டிக்கெட் வாங்க வேண்டும். ஆள்தூக்கிகள் தோளில் சுமந்தோ, பலகையில் உட்காரவைத்தோ அக்கரை சேர்ப்பார்கள். தண்ணீர் எந்த அளவுக்கு ஏறுகிறதோ அதற்கேற்பக் கட்டணமும் ஏறும். ஓர் ஆளின் நெஞ்சளவைத் தாண்டினால் ஆற்றை மூடிவிடுவார்கள். அப்புறம் ராஜாவானாலும் சரி, உப்பு விற்பவரானாலும் சரி, வெள்ளம் வடியும்வரை இக்கரையில் ஷிமாடாவிலோ அக்கரையில் கனாயாவிலோ நாள்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். கையிலிருந்த காசெல்லாம் சத்திரத்துக்கே போய்விடும்.

ஆள்தூக்கிகளின் குடியிருப்பும் டிக்கெட் கொடுத்த கட்டடமும் இருந்த தெருவைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்சி முடிந்து இந்த முறை நின்றபோது பிழைப்பை இழந்தவர்களில் பலர், அக்கரையில் மகினோஹாரா மேட்டுநிலத்தைத் திருத்தித் தேயிலை பயிரிடப் போனார்கள். அந்தத் தேயிலைக்காரர்களின் முயற்சியில் 1879-ல் வந்ததுதான் ஹோராய் மரப்பாலம். சுமார் 897 மீட்டர் நீளம். மோட்டார் வண்டிகளுக்கு இடம் இல்லை. கைப்பிடி தாழ்வாக இருப்பதால், காற்று வீசும்போது கணவர் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே வந்தார். என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று கேட்கவில்லை.

வழியில் மாரிகோ என்ற ஊரில் டோரோரோ என்ற உணவு பிரபலம். மலைக்கிழங்கைக் கூழாகத் துருவி, மிசோ கலந்து, பார்லி சாதத்தில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். சோஜியா என்ற கடை 1596-லிருந்து இருக்கிறது. சைவக்காரர்கள் கவனிக்க: ஜப்பானில் கிழங்குக் குழம்பு என்றாலும் அதில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கேட்டுவிட்டு உட்காருங்கள். நாங்கள் கேட்டுவிட்டு, கடையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, கையிலிருந்த தேங்காய்ச் சாதத்தைச் சாப்பிட்டோம்.

காகிதத்தில் ஒரு யாத்திரை

இந்தச் சாலையை உலகத்துக்குக் காட்டியவர் ஹிரோஷிகே. 1833-34-ல் அவர் வெளியிட்ட மரஅச்சு ஓவியங்கள் மொத்தம் 55. 53 ஊர்களோடு, கிளம்பும் இடமும் சேரும் இடமும். நம் போர்டு கேமில்கூட அவர் ஒரு பயணி.

ஆனால் ஓவியங்களைவிட என்னை அதிகம் நிறுத்தியது 'சுகோரோகு'. பெரிய காகிதத்தில் அச்சடித்த விளையாட்டு. ஓரத்தில் நிஹோன்பாஷியில் ஆரம்பித்து, 53 ஊர்களும் சுழன்று சுழன்று போய் நடுவில் கியோட்டோவில் முடியும். தாயம் உருட்டிக் காயை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஊரின் படம். ஹிரோஷிகே போன்ற பெரிய ஓவியர்களே இவற்றை வரைந்தார்கள். புத்தாண்டு நாளில் வீடே கூடி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் இது. பிற்காலத்தில் சிறுவர் பத்திரிகைகள் புத்தாண்டு இதழோடு சுகோரோகுவை இலவச இணைப்பாகக் கொடுத்தன. அங்கேயும் இலவச இணைப்புக்காகவே புத்தகம் வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள்!

இதற்கும் முன்னால் புத்த மதத்தார் ஆடிய சுகோரோகு ஒன்று உண்டு. நல்லது செய்தால் மேலேறி புத்தரின் தூய உலகத்துக்குப் போகலாம். பாவம் செய்தால் நரகத்தில் விழ வேண்டும். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க நாம் ஆடுகிற பரமபதத்தின் தூரத்துச் சொந்தம் போல இருக்கிறது. பரமபதம் என்றால் பக்தி. டோகாய்டோ சுகோரோகு என்றால் ஊர் சுற்றல்.

யார் ஊர் சுற்றினார்கள்? அந்தக் காகிதத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் சீட்டு கிடைக்காத பெண்கள் இருந்திருப்பார்கள். கடையை விட்டு நகர முடியாதவர்கள், குழந்தைகள், முதியவர்கள் இருந்திருப்பார்கள். ஹகோனேயில் கூந்தலை அவிழ்க்காமல், ஓயி ஆற்றில் ஒருவர் தோளில் ஏறாமல், கியோட்டோ வரை போய்வர அவர்களுக்கு இருந்த ஒரே வழி அது.

அம்மா சொன்ன குறை

திரும்பி வந்ததும் அம்மா முதலில் கேட்டது, "வெந்நீர்ல காலு வச்சியா?" என்றுதான். வைத்தேன். கால்களை மட்டும் நனைத்துக்கொள்ளும் வெந்நீர்த் தொட்டிகள் ஹகோனேயில் உண்டு. முழங்கால் வரை சூடு ஏறுகிறதா, எவ்வளவு நேரம் உட்காரவிடுவார்கள், துண்டு அவர்களே தருவார்களா என்று கால் மணி நேரம் விசாரணை நடந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்திலும் ஆச்சிதான் ஜெயித்தார். "நிதானமா போறவங்கதான் ஜெயிப்பாங்கன்னு இந்த கேம் சொல்லுது, பார்த்தியா ஆச்சி!" என்றான் மகன், பெரிய தத்துவம் கண்டுபிடித்தவனாக.

அம்மா காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "நீ நிதானமா போறது உன் இஷ்டம்லே. நான் நிதானமா போறது என் காலு. இதுல நான் பின்னாடி நின்னா எனக்கு ஆட்டம் வருது. நெசத்துல பின்னாடி நின்னா, ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிட்டு ஹாரன் அடிக்கீங்க."

யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். நிதானப் பயணம் என்று இப்போது எல்லோரும் புகழ்கிறோம். வேகமாகப் போக முடிகிறவர்கள் விரும்பி மெதுவாகப் போவது ஒரு ரகம். வேறு வழியில்லாமல் மெதுவாகப் போகிறவர்கள் இன்னொரு ரகம். ஓயி ஆற்றங்கரையில் காத்திருந்தவர்கள் யாரும் நிதானத்தை ரசிக்க அங்கே உட்காரவில்லை.

அப்போதுதான் கணவர் ஆட்டத்தின் இன்னொரு விதியை நினைவுபடுத்தினார். சாலையில் மூன்று சத்திரங்கள், முடிவில் எடோவில் ஒன்று. சத்திரத்தைத் தாண்டி யாரும் தாவ முடியாது. முதலில் வந்தவர் பிடித்த சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசி ஆள் வந்து சேரும்வரை அங்கேயேதான் இருக்க வேண்டும். மறுபடி கிளம்பும்போது, கடைசியாக வந்தவர்தான் முதலில் கிளம்புவார். பின்தங்கியவரை விட்டுவிட்டுப் போகவே முடியாதபடி சாலையையே அமைத்திருக்கிறார்கள்.

நம் குடும்பச் சுற்றுலாக்களை யோசித்துப் பாருங்கள். முன்னால் போனவர்கள் சன்னிதியைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதியவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா? கிளம்பலாமா?" என்போம். ஓய்வு முழுக்க வேகமாக நடந்தவர்களுக்கு. மெதுவாக நடந்தவருக்கு ஓய்வே இல்லை. சத்திர விதிப்படி, கடைசியாக வந்தவர்தான் "கிளம்பலாம்" என்று சொல்ல வேண்டும்.

வரும் விடுமுறைக்கு நவதிருப்பதி போகிறோம். தாமிரபரணிக் கரையின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் காட்டும் டூர்கள் உண்டு. அம்மாவிடம் நோட்டைக் கொடுத்து, திட்டத்தை நீங்களே போடுங்கள் என்றோம். ஒன்பது கோயில், மூன்று நாள் என்று எழுதியிருக்கிறார். நடுவில் இரண்டு இடத்தில் 'ஆத்துல காலு நனைக்க' என்று இருக்கிறது. அடியில் கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு: 'முதல்ல போறவங்க எல்லாருக்கும் காப்பி சொல்லி வைக்கணும்.'